தேய்ந்த புஷ்ஷுக்குச் சராசரி எடுத்த கதை

9.6.2011, வியாழன்

சாரல். துணி காயவில்லை. மருமகன் சுரேஷ் குவாரியிலிருந்து நேராக வந்தான், தலையெல்லாம் கல்தூசி. கையில் ஒரு புஷ். பாறையில் துளை போடும் ரிக்கில் கம்பி ஆடாமல் பிடித்துக்கொள்ளும் இரும்பு வளையம். (கோடு போடும்போது ஸ்கேலை அமுக்கும் இடதுகை மாதிரி.) உள்ளே தேய்ந்துபோய், துளை கோணலாக இறங்குகிறதாம். திங்களுக்குள் சரியாகாவிட்டால் குவாரியில் வேறு ரிக்கைக் கூப்பிடுவார்கள். அவனுக்கு இருப்பது இந்த ஒரு வேலைதான்.

"மாமா, கம்பெனி புஷ் வர பத்து நாளாவும். தக்கலை லேத் பட்டறையில புதுசு செய்யச் சொல்லணும். அளவெல்லாம் நீங்க பாத்துக்கிடுவியளா?"

கல்யாணமான ஆறு வருஷத்தில் என்னிடம் கேட்ட முதல் உதவி. கணக்கு வாத்தியாரிடம் அளவு கேட்கிறான். பார்க்காமலா?

10.6, வெள்ளி

அளவெடுக்கும் வெர்னியரைத் தேடியதில் பிரஷர் மாத்திரை மறந்தது. உள்விட்டம் மூன்று இடத்தில் மூன்று விதம். கூட்டி மூன்றால் வகுத்தேன். 52.37 மி.மீ. அடிக்கோடு இரண்டு.

மனைவி ரோசம்மாள்: "என்ன, அதுக்கு வளைகாப்பா?"

பட்டறைக்காரன் வில்சன் என் பழைய மாணவன். இப்போது அவனுக்கே நரை. சீட்டைப் பார்த்தான், புஷ்ஷைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"சாரே, இந்த அளவுதானா?"

"ஒரு புள்ளி மாறக் கூடாது."

"சரி சாரே."

11.6, சனி

புஷ் தயார். பளபளப்பு. அளந்தேன், 52.37. மனம் நிறைந்தது. சாளை மீன் குழம்பு, இரண்டு தட்டு சோறு.

மாலை சுரேஷ் போன். "மாட்டியாச்சு மாமா. பழைய ஆட்டம் அப்படியே இருக்கு. துளி குறையல்ல." பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம்.

தேய்ந்த அளவையே புதுசுக்கும் கொடுத்திருக்கிறேன்.

ரோசம்மாள்: "கிழிஞ்ச சட்டைய அளவுக்குக் குடுத்தா, டெய்லர் கிழிசலையும் சேத்தா தைப்பான்?" என் உதாரணங்களைவிட நல்ல உதாரணம்.

12.6, ஞாயிறு

ஆராதனை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு வில்சன் எனக்காகப் பட்டறை திறந்தான். சுரேஷுக்குப் போன் போட்டு ஒரே கேள்வி. "கம்பி கனம் எவ்வளவு?" நாற்பத்தைந்து. புஷ்ஷின் உள்விட்டம் நாற்பத்தாறு போதுமாம்.

"உனக்கு அன்றைக்கே தெரியுமா?"

"தெரியும் சாரே."

"ஏன் சொல்லவில்லை?"

லேத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எட்டாங் கிளாஸ்ல ஒருக்கா சொன்னேன், போர்டுல நீங்க எழுதின அளவு தப்புன்னு. பீரியடு முழுக்க பெஞ்சுல ஏத்தி நிப்பாட்டினிய."

"தப்பா இருந்ததா?"

"முக்கோணம். பக்கம் மூணு, நாலு, ஒம்பது. அத எப்படி சாரே வரைய?"

மனதுக்குள் வரைந்து பார்த்தேன். சேரவில்லை.

ஓரத்தில் ஒரு பெஞ்சு கிடந்தது. ஏறி நின்றேன்.

"இறங்குங்க சாரே, கிரீஸாக்கும்."

"புஷ் முடியட்டும்."

நாற்பது நிமிஷம். வில்சன் திரும்பவே இல்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

13.6, திங்கள்

காலை ஒன்பது மணிக்குச் சுரேஷ்: "ஆட்டமில்ல மாமா. நேரா இறங்குது."

மாத்திரை போட்டாயிற்று. முழங்கால் வீக்கம். வேட்டியில் கிரீஸ், போகாதாம். "எங்க போய் ஏறினிய?" என்று ரோசம்மாள் மூன்றாம் தடவை கேட்கிறாள்.