வாசல் கம்பியில் தொங்கிய லட்டுப் பெட்டி

அன்பு மகள் சனோபருக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். உன் அம்மா நலம், நானும் நலம்தான், ஆனால் எட்டு நாளாக அடித்துப் போட்டாற்போல் கிடக்கிறேன். நோய் இல்லை, நானே செய்த கோளாறு. போனில் சொல்ல வாய் வரவில்லை.

குப்பை வண்டி கொண்டுவரும் முனீஸ்வரிக்கு வெள்ளிதோறும் வாசல் கம்பியில் பலகாரம் கட்டித் தொங்கவிடுவேன், உனக்குத் தெரியும். என் இன்சுலின் ஊசிகள் குப்பையோடு போனால் அவள் கையில் குத்துமே என்று, பெரிய மூளைக்காரன் நான், காலி லட்டுப் பெட்டியில் போட்டு நூல் சுற்றி அதே கம்பியில் மாட்டினேன். அவள் வருவதற்குள் திரும்பி வந்து சொல்லிவிடலாம் என்று டீக்கடைக்குப் போனேன், அன்று வெள்ளி என்பது மண்டையில் ஏறவில்லை. திரும்பி வந்தால் அவள் விரலில் ரத்தம். ‘லட்டுன்னு கைய விட்டேன் பாய், எனக்கு ரெண்டு புள்ளைக இருக்கு’ என்று மட்டும் சொன்னாள். உன் அம்மா என்னைப் பார்த்து, ‘இம்புட்டு அறிவையும் எங்கதான் வச்சிருந்தீகளோ’ என்றாள்.

ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஊசி யாருடையது என்று கேட்டு என் ரத்தத்தையும் எடுத்தார்கள். இத்தனை வருஷம் சர்க்கரைக்கு மட்டும் பயந்தவன், அன்றைக்கு என் ரத்தத்தில் வேறு தொற்று நோய் எதுவும் இருக்கக் கூடாதே என்று அவளுக்காகப் பயந்து உட்கார்ந்திருந்தேன். என் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆனாலும் மூன்று மாதம் கழித்து அவள் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டுமாம், அதுவரை நிம்மதியாகத் தூங்குவாளா தெரியவில்லை.

இப்போது தடித்த பினாயில் பாட்டிலில் ஊசிகளைப் போட்டு, சிவப்பு மையில் ‘ஊசி’ என்று எழுதி, மூடி திருகி அவள் கையிலேயே கொடுக்கிறேன், அதற்கென்று வண்டியில் தனிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். நீயும் உடைந்த பல்பு, பழைய பேட்டரி எதையும் பொட்டலம் கட்டிச் சும்மா வீசாதே, அந்தப் பக்கம் ஒரு கை இருக்கும்.

நேற்று வெள்ளி. லட்டுப் பெட்டியைக் கட்டியிருந்தேன். அவள் தொடவில்லை, வண்டிக்கு அந்தப் பக்கமே நின்று, ‘நீங்களே தெறந்து காட்டுங்க பாய்’ என்றாள். திறந்து, பாதி லட்டை நானே தின்று காட்டினேன். வாங்கிக்கொண்டாள், கையுறையைக் கழற்றவில்லை.

அல்லாஹ் உங்களைக் காப்பானாக. உன் துஆவில் முனீஸ்வரி பேரையும் சேர்த்துக்கொள். அந்தப் பாதி லட்டு விஷயம் உன் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு உன் அத்தா
முகைதீன் பிச்சை