ஒருசந்தி நாளில் சாப்பாட்டுக் கேரியர்

சேசு மரி சூசை துணை

காரைக்கால்,
11-3-78

அன்பு மகள் சலோமிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறோம், அந்தப் பிரான்சுக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

உன் அப்பா ஆபீசிலிருந்து ஓய்வுபெற்றதிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, நான் எதுக்குடி இன்னும் இருக்கேன் என்று கேட்டு என்னைக் கலங்கடித்ததை முன்பே எழுதியிருந்தேன். அந்த மனிதர் தபசுகால நோன்பு தொடங்கியதும் விடிய எழுந்து, சவரம் செய்து, பவுடர் போட்டுக்கொண்டு, கேரியரில் சோறு கட்டித் தா என்றார். யாருக்கு என்றால் வாயே திறப்பதில்லை, தினமும் இதே கதை, பாட்டு வேறு முணுமுணுக்கிறார். வெள்ளிக்கிழமை ஒருசந்தி, ஒருவேளைதான் சாப்பாடு, அதையும் வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுகிறார். அப்படியென்றால் கேரியரில் போகும் மீன்குழம்பை எவள் சாப்பிடுகிறாள்? எனக்குச் சந்தேகம் வராதா, நீயே சொல். நேற்று வயிற்றெரிச்சலில் குழம்பில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டு அனுப்பிவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அவர் போனது ஆஸ்பத்திரிக்கு. பட்டினச்சேரிக்காரர் அமிர்தலிங்கம் என்று ஒருவர், படகைக் கரையேற்றும்போது இரண்டு கையும் முறிந்து கட்டோடு கிடக்கிறார், உன் அப்பா பிசைந்து ஊட்டுகிறார். அந்த அமிர்தலிங்கம் என் உப்புக்குழம்பை முகம் சுளிக்காமல் விழுங்கியதைப் பார்த்து எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இன்று காலை அவர் பெண்சாதி விசாலாட்சியை மீன்கடையில் பிடித்து விசாரித்தேன். கூடை தூக்கினாத்தாம்மா சோறு, பகல்ல என்னால போவ முடியல, நோன்புல செய்யுற தர்மத்த வெளிய சொன்னா பலன் போயிடும்னு உங்க வீட்டு ஐயாதான் சொல்லக் கூடாதுன்னாங்க என்றாள். ஈஸ்டருக்கு முன் கட்டு அவிழ்த்துவிடுவார்களாம்.

அவளுக்குச் சந்தோஷம், எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. கட்டு அவிழ்ந்தால் உன் அப்பா மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். அன்றைக்கே எனக்கு ஏதாவது வந்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று, இன்றே கிணற்றடியில் வழுக்கி வலது கை பிசகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். வீங்கவே இல்லையே என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஆனாலும் தண்ணீர் இறைத்துக் கேரியருக்குச் சோறும் அவரே வடித்தார். குழைந்துபோன சோறுதான். இப்போது என் கைக்குத் தடவ எண்ணெய் வாங்கப் போயிருக்கிறார், அதற்குள் அதே கையால் இதை எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு, உங்கள் இருவருக்கும் என் ஆசீர்வாதம். படித்ததும் இதைக் கிழித்துப்போடு. உன் பதிலை அவர்தான் பிரித்து எனக்குப் படித்துக்காட்டுவார், அதனால் அம்மாவுக்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள் அப்பா என்று மட்டும் எழுது. அதில் பொய் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
அற்புதம்