நூறு கோடியே ஏழு

அலங்காநல்லூர்
12-6-1936

அன்புள்ள மச்சானுக்கு முத்துத்தாய் எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம், மழைதான் இல்லை. நூறு கோடியே ஏழு என்ற எண்ணை வேறு எந்த எண்ணாவது மீதியில்லாமல் வகுக்கிறதா என்று பார்க்கச் சொல்லி நீங்கள் அனுப்பிய பகா எண் பட்டியல் வந்தது. மொத்தம் 3,401. நாளுக்கு ஆறு போட்டாலும் ஒன்றரை வருடம் ஆகும். பெண்டாட்டியை அவள் அப்பன் வீட்டிலேயே விட்டுவைக்க நல்ல வழி கண்டுபிடித்தீர்கள்.

7, 11, 13, 19 நான்குக்கும் ஆறே மீதி. பட்டியல் ஏன் 31,607இல் நிற்கிறது என்று யோசித்தேன். அதற்கு மேலே ஒரு பெரிய எண் வகுத்தால் அதன் ஜோடி சின்ன எண்ணாக இருக்கும். அது முன்பே அகப்பட்டிருக்கும். சரிதானே?

"புருசன் வீட்டுக்குப் போகாம இம்புட்டு நாளா என்னத்தடி வகுக்குற?" என்று அம்மா ஏசுகிறாள். முடித்து அனுப்பினால் சென்னையில் வீடு பார்த்துக் கூட்டிப்போவதாகச் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

தங்கள்
முத்துத்தாய்

சென்னை
3-7-1936

முத்துத்தாய்க்கு,

நீ கண்டுபிடித்தது என் முதல் வருட மாணவர்களுக்கும் தெரியும். ஊர்க்கதை வேண்டாம், மீதியை மட்டும் எழுது. தீபாவளிக்கு வரமாட்டேன்.

இங்கே மற்ற ஆசிரியர்களின் மனைவிமார் இங்கிலீஷ் பேசுகிறார்கள். எனக்குக் கல்யாணம் ஆனதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னை என்னவென்று சொல்வது? இந்த வேலையை முடித்தால் சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கும்.

நல்லகாமன்

அலங்காநல்லூர்
20-2-1938

அன்புள்ள மச்சானுக்கு,

முடிந்தது. கடைசி எண் 31,607, மீதி 17,741. ஒன்றுகூட மீதியில்லாமல் வகுக்கவில்லை. நான்கு நோட்டுகளையும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

அய்யா தகரப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறார். எந்த ரயிலுக்கு வரவேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். வேறெதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

தங்கள்
முத்துத்தாய்

சென்னை
9-4-1938

முத்துத்தாய்க்கு,

நோட்டுகள் வந்தன. நூறு கோடியே ஏழு பகா எண் என்று கணித சபையில் என் பெயரில் வாசித்தேன். பத்திரிகையிலும் அச்சாகிவிட்டது. கல்லூரியில் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். வகுத்தது யார் என்று கேட்டார்கள். ஊரில் ஒரு கணக்குப்பிள்ளை என்றேன்.

ஆவணியில் கம்பம் வக்கீல் மகளைக் கட்டுகிறேன். பி.ஏ. படித்தவள். பஞ்சாயத்தைக் கூட்டி நம் கல்யாணத்தை அத்துக்கொள். உனக்கு ஏர் ஓட்டுகிறவன் எவனாவது கிடைப்பான். அவனுக்கு உன் கணக்கு ஏராளம்.

நல்லகாமன்

அலங்காநல்லூர்
2-5-1938

நல்லகாமன் அவர்களுக்கு,

நேற்றுப் பஞ்சாயத்து முடிந்தது. அத்துவிட்டார்கள். அய்யா அழுதார். நான் அழுது முடித்து நாளாகிறது.

தை மாதம் சென்னைக்கு வந்த என் அண்ணன் மொக்கையன் உங்களையும் அந்தப் பெண்ணையும் கடற்கரையில் பார்த்தான். அப்போது எனக்கு நூற்றுச்சொச்சம் எண்கள் பாக்கி. அதையும் போட்டு முடித்தேன். பிறகு நோட்டில் ஒரே ஒரு மீதியை அழித்துவிட்டு வேறு எண் எழுதினேன்.

ரயில் எது என்று கேட்டேன் அல்லவா? எழுதியிருந்தால் அந்த எண் எது என்று சொல்லியிருப்பேன். எனக்கு அப்போதும் உங்கள் மேல் ஆசை இருந்தது.

நீங்கள் ஒன்றைக்கூட வகுத்துப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். நான் அழித்தது பூஜ்யமா, வேறு எண்ணா என்று கேட்டு எழுத வேண்டாம், பதில் வராது. 3,401ஐயும் நீங்களே வகுத்துப் பாருங்கள். படித்தவர், என்னைவிடச் சீக்கிரம் முடிப்பீர்கள்.

முத்துத்தாய்