பம்பும் ஒரு தலையாட்டலும்

அன்புள்ள நெவேனாவுக்கு,

உன் முதுகுவலி தேவலையா? நான் நலம். இன்று நான்கு முறை குளித்துவிட்டேன்.

சிரிக்காதே. இந்த இத்தாலிச் சுற்றுலா முகாமில் ஒரு மோட்டார்ஹோம், அதாவது வீட்டு வண்டி, மூன்று நாளாக என் உயிரை வாங்குகிறது. கழிப்பறை வால்வு மூடாததால் தண்ணீர் பம்பு நிற்காமல் உறுமியது. பம்பை நிறுத்திக் குழாயைக் கழற்றிவிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, நிரம்பிக் கிடந்த கோப்பையின் மேல் குனிந்திருந்தேன். முதலாளி எத்தோரே எட்டிப்பார்த்து, "பம்பப் போடட்டுமா?" என்றார். வேண்டாம் என்று நம் பல்கேரிய வழக்கப்படி மேலும் கீழும் தலையாட்டினேன். போட்டுவிட்டார்! முகம், சட்டை, போன் எல்லாவற்றுக்கும் அபிஷேகம்.

"நீதானேய்யா ஆமான்னு தலைய ஆட்டுன?"

"எங்க ஊர்ல அதுக்கு வேணாம்னு அர்த்தம், முதலாளி!"

"உங்க ஊரையே தலைகீழா கட்டியிருக்காங்கடா" என்று சிரிக்கிறார் மனுஷன். துடைத்தது நான்தான். அந்த எரிச்சலில் ஆமாம் என்றால் மேலும் கீழும் என்று நாள் முழுக்க இந்த ஊர்க்காரர்களைப் போலவே ஆட்டிப் பழகினேன்.

போன் செத்துவிட்டது. பழைய போனையும், நீ அரைத்த மிளகாய் விழுதில் இரண்டு பாட்டிலையும் இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் வேன்காரரிடம் கொடுத்தனுப்பு.

சாயங்காலம் எத்தோரேயின் போனில் வீடியோவில் பேசியபோது நம் எலித்சா, "பள்ளிக்கூடம் தொறக்குற அன்னிக்கு வருவியாப்பா?" என்றாள். பழகிய கழுத்து மேலும் கீழும் ஆடிவிட்டது. பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் விளக்குவதற்குள் சார்ஜ் தீர்ந்து அந்தப் போனும் அணைந்துவிட்டது.

வேன் கிளம்புகிறது. அவளிடம் உடனே சொல், அது இந்த ஊர்த் தலையாட்டல். அப்பா வருகிறேன்.

உன் ராட்கோ