புயல் செய்தி பார்ப்பதை நிறுத்திவிட்டேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

விடுதியில் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். அப்பா கடலுக்குப் போகும் நாளெல்லாம் போனில் புயல் செய்தியே பார்த்துக்கொண்டிருந்தேன். இயற்பியலில் தோற்றுவிட்டேன். வார்டன் அக்னஸ் அக்கா, "நீ பாத்துக்கினே இருந்தா புயல் நின்னுடுமாடி? படிக்கிற வழியப் பாரு" என்று சிரித்தார். போனை அவரிடமே கொடுத்துவிட்டேன். இப்போது பாடம் மனதில் ஏறுகிறது. ஆனால் காற்றடித்தால் பயமாக இருக்கிறது, அம்மா. போனைத் திருப்பிக் கேட்கவும் வெட்கம்.

சனிக்கிழமை திண்டிவனம் பஸ்ஸில் கொஞ்சம் கருவாடு கொடுத்தனுப்பு. பொட்டலத்தை நீ கட்டாதே, அப்பாவைக் கட்டச் சொல். அவர் போடும் வலை முடிச்சு எனக்குத் தெரியும். அதைப் பார்த்தால் கரை சேர்ந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வேன்.

யாரோ வருகிறார்கள்.

உன் மகள்,
இருதயசெல்வி