இந்தக் கிறிஸ்துமஸ் மட்டும்

ஆகஸ்ட் 9, செவ்வாய்

வெயில் முப்பத்தொன்று. காலையிலிருந்து கிறிஸ்துமஸ் கட்டிக்கொண்டிருக்கிறேன். எண்பது பச்சை வளையம், தெருவிளக்கு ஒவ்வொன்றுக்கும் சிவப்பு நாடா, நாற்பது பரிசுப்பெட்டி. எல்லாப் பெட்டியிலும் காற்றுதான். முற்றத்தில் காகிதப் பனி அடித்தார்கள். ஒரு காற்று வீசியது, பாதிப் பனி என் வாயில். ஐம்பத்துநாலு வயதில் இதுதான் பிழைப்பு. டி.வி. படங்களுக்கு வீடு ஜோடிக்கிறவள். கிறிஸ்துமஸ் படம் மட்டும் இதோடு இருபத்துமூன்று.

கதைக்கு என்ன, எப்போதும் போடுகிற கதைதான். டொராண்டோவில் பெரிய வக்கீல் ஒருத்தி சொந்த ஊருக்கு வருகிறாள். அவள் விட்டுப்போன காதலன் இப்போது மனைவியை இழந்தவன். மரப்பண்ணை வைத்திருக்கிறான், ஒரு பெண் குழந்தை. சேர்ந்து பிஸ்கட் சுடுகிறார்கள். எட்டாவது விளம்பரத்துக்கு முன்னால் ஒரு சண்டை. கடைசியில் பனி, முத்தம். முத்தம் ஒரு நிமிஷம் முந்தினாலும் டி.வி.க்காரர்களுக்கு ஆகாது.

இந்தத் தடவை கூத்து என்னவென்றால், படம் எடுக்கிற ஊர் லார்ச் பே. நான் வாழ்ந்த ஊர். புருஷன் ஆர்வோவை விட்டுவிட்டு ஓடிய ஊர். இருபத்திரண்டு வருஷம் கழித்து வந்திருக்கிறேன். யூனிட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆகஸ்ட் 10, புதன்

ஹார்டுவேர் கடை வாசலில் ஒரு வண்டி. கதவில் 'ஆர்வோ நிஸ்கனன், தச்சு வேலை'. பிளாஸ்டிக் சாண்டாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். வெட்கக்கேடு.

ஆகஸ்ட் 12, வெள்ளி

இன்றைக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கணப்பு மேல் வைக்க, கதாநாயகனின் செத்துப்போன மனைவியுடைய போட்டோ வேண்டும். வைத்திருந்த போட்டோவிலிருக்கும் பெண் அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டாள். வியாழக்கிழமை காட்சி. அனுமதிக் காகிதங்களைப் பார்க்கிற கீலி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சாமான் பெட்டியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் ஒரு பழைய படம் ஒட்டியிருக்கும். இருபத்தொன்பது வயதில் படகுத்துறையில் நான், கம்பளித் தொப்பி, வாயெல்லாம் பல்.

"இவதான்! இவதான் செத்தவ!" என்று கத்தினாள் கீலி. "ரொம்ப அழகும் இல்ல, பார்த்தா நல்லவளாத் தெரியறா. யாரு இது, ஓடெட்?"

"நான்தான்."

அவள் முகம் போன போக்கு! அப்புறம் சமாளித்துக்கொண்டாள். "நல்லதாப் போச்சு, உங்க கையெழுத்து இங்கேயே கிடைச்சிடும். படம் எடுத்தவர் கையெழுத்து மட்டும் வேணும். யாருன்னு ஞாபகம் இருக்கா?"

மறந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்தது. "இந்த ஊர்லதான் இருக்கார்" என்று சொல்லிவிட்டேன். யார் கேட்டது? எதற்குச் சொன்னேன்?

சரி, எனக்கே தெரியும். படம் எடுத்தது ஆர்வோ. அவன் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இத்தனை வருஷமாக அதற்குத் தைரியம் வரவில்லை. இப்போது ஒரு காகிதம் கிடைத்திருக்கிறது, சாக்குக்கு.

ஆகஸ்ட் 13, சனி

போனேன்.

கதவைத் திறந்தான். கொஞ்சம் இளைத்திருக்கிறான். தலை முழுக்க நரை. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. "சாண்டாவுக்குப் பின்னாடி நின்னது நீதானே" என்றான்.

நான் மன்னிப்பை மறந்துபோய்க் காகிதத்தை நீட்டினேன். எதையும் முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன் இல்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, காகிதத்தை மேஜையில் வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்தான். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

"படத்துல நீ யாரு?"

"செத்துப்போன பொண்டாட்டி."

"நீ சாகல. போன. ரெண்டும் ஒண்ணு இல்ல." குரலை உயர்த்தவே இல்லை. "செத்திருந்தா ஊர்க்காரங்க ஒரு மாசம் சாப்பாடு கொண்டுவந்து குடுத்திருப்பாங்க. போனதுக்கு யாரும் ஒண்ணும் கொண்டுவரல."

சுவரைப் பார்த்தேன். நான் அடித்த மஞ்சள் அப்படியே இருந்தது.

நாலாவது பத்தியில் நிறுத்தினான். வாய்விட்டுப் படித்தான்: "'இப்படத்தை என்றென்றைக்கும், அண்டசராசரம் முழுவதும் பயன்படுத்த அனுமதிக்கிறேன்.' அண்டசராசரமா? செவ்வாய் கிரகத்துலயும் காட்டுவாங்களா?"

"காட்டினாலும் காட்டுவாங்க."

சிரிக்கவில்லை. 'என்றென்றைக்கும்' என்பதைக் கோடு போட்டு அடித்தான். மேலே தச்சன் பென்சிலால் எழுதினான்: இந்தக் கிறிஸ்துமஸ் மட்டும். கீழே கையெழுத்து. நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எதற்குப் போனேனோ அது வாய்க்குள்ளேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 15, திங்கள்

டொராண்டோ வக்கீல்கள் காகிதத்தைத் திருப்பிவிட்டார்கள். ஒரு கிறிஸ்துமஸ் எல்லாம் கிடையாதாம். என்றென்றைக்கும் என்றால்தான் எடுத்துக்கொள்வார்களாம்.

"இன்னொரு தரம் கேட்டுப் பாருங்களேன்" என்கிறாள் கீலி. "ஒரே ஒரு வார்த்தைதானே!"

பாவம், இருபத்தாறு வயது அவளுக்கு.

ஆகஸ்ட் 16, செவ்வாய்

சாப்பாட்டு இடைவேளையில் போனேன். பின்பக்கம் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். ஒரு கட்டை எடுத்து வைப்பான், நிற்பான், மூச்சு வாங்குவான், அடுத்ததை எடுப்பான்.

"என்றென்றைக்கும்னு போடணுமாம்" என்றேன்.

"ஒருதரம் போட்டாச்சு. சர்ச்ல. நீயும் பக்கத்துலயே போட்ட, நல்ல பேனாவால."

அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் கோபம் வந்தது. வந்த காரியத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நீ பேசவே மாட்டாய், குளிர்காலம் முழுக்க நான் சுவரோடுதான் பேசினேன், ஒரு படக்கோஷ்டி ஊருக்கு வந்தது, பெயிண்ட் அடிக்கக் கூப்பிட்டார்கள், முதல்தடவையாக யாரோ என்னிடம் நல்லா இருக்குன்னு சொன்னாங்க, எனக்கு மூச்சு முட்டுச்சு ஆர்வோ, வேற என்ன செய்யச் சொல்ற – இப்படி என்னென்னவோ. கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அவன் கட்டையைக் கீழே வைத்தான்.

"லெட்டர்ல ஆறு வாரம்னு எழுதியிருந்த."

எழுதியிருந்தேன். ரொட்டி டப்பாவுக்குள் வைத்துவிட்டுப் போன கடிதம். டொராண்டோவில் ஆறு வாரம் வேலை, முடித்துவிட்டு வருகிறேன் என்று. எழுதும்போது பொய் இல்லை. சத்தியமாகப் பொய் இல்லை. ஆறாவது வாரம் இன்னொரு படத்துக்குக் கேட்டார்கள், மூன்று வாரம்தான் என்றார்கள். அதற்கப்புறம் திரும்பிவர வெட்கம். வெட்கம் வருஷமாகிவிட்டது.

"ஆறாவது சனிக்கிழமை சானா மூட்டினேன்" என்றான். சானா என்பது ஆர்வோ வம்சத்து ஆட்களுக்கு உயிர். வீட்டுக்குப் பின்னால் தனி அறையில் அடுப்பு மூட்டி, கல்லைச் சூடாக்கி, சனிக்கிழமை நீராவிக் குளியல் இல்லாமல் வாரம் முடியாது. "ரெண்டு பேருக்கு மூட்டினேன். ரெண்டு துண்டு மாட்டி வச்சேன். அடுத்த வாரமும். பனி விழற வரைக்கும் மூட்டினேன். அப்புறம் ஒரு துண்டு."

நான் காகிதப் பனியிலும் பிளாஸ்டிக் பனியிலும் எத்தனை பேருக்கு இரண்டாவது வாய்ப்பு ஜோடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்த விறகுக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"தப்புப் பண்ணிட்டேன் ஆர்வோ. நேர்ல சொல்லாமப் போனது தப்பு. வராதது அதைவிடத் தப்பு. மன்னிச்சிடு."

"சரி" என்றான். மன்னித்தேன் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. சரி. ஒரு கட்டையை எடுத்து வைத்துவிட்டு, "கையெழுத்து மாத்த மாட்டேன்" என்றான். வக்கீல்கள் திருப்பின காகிதத்தை அவன் சமையலறை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 17, புதன்

சொல்லியாகிவிட்டது. இலேசாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

ஆகஸ்ட் 18, வியாழன்

கீலியின் சித்தி போட்டோவை வைத்து எடுத்தார்கள். சித்தி உயிரோடு இருக்கிறாள், என்றென்றைக்கும் என்று உடனே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள்.

கதாநாயகன் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்ப்பான், பூப்போல எடுத்து மேஜை இழுப்பறையில் வைத்து மூடுவான், நிமிர்ந்தால் வாசலில் கதாநாயகி. ஏழு டேக். ஒவ்வொன்றுக்கும் நான்தான் போய் இழுப்பறையைத் திறந்து போட்டோவை மறுபடி கணப்பு மேல் வைத்தேன். ஏழாவது தடவை கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. காகிதத் தூசி என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 20, சனி

கடைசி நாள். மரப்பண்ணையில் பனியைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தோம். ஆர்வோ வந்தான். கையில் ஒரு காகிதம். அனுமதிக் காகிதமோ என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக் காகிதம்.

"செப்டம்பர் பதினாலு, சட்பரியில ஆபரேஷன். ஹார்ட். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு ஒரு கட்டம் இருக்கு. சும்மா விட்டா வாங்க மாட்டேங்கறாங்க." காலால் காகிதப் பனியைத் தள்ளினான். "அக்கா போன வருஷம் தவறிட்டா. வேற யார் பேரும் எழுத வரல."

என் நம்பரைச் சொன்னேன். அதே தச்சன் பென்சில். ஒவ்வொரு எண்ணாக எழுதினான்.

"எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மொதல்ல பொழைக்கிறேனா பாப்போம்" என்றான்.

செப்டம்பர் 14, புதன்

ஐந்து மணி நேரம். நர்ஸ் வந்து "நிஸ்கனனோட வந்தவங்க யாரு?" என்று கேட்டாள். நான் என்று எழுந்தேன்.

அக்டோபர் 3, திங்கள்

பத்தே நாள் பார்த்துக்கொள்ள வந்தேன். இன்னும் அவன் வீட்டு மாடியறையில்தான் இருக்கிறேன். சூப்பில் உப்பில்லை என்று முணுமுணுக்கிறான். உப்பு போடக்கூடாது என்று டாக்டர் சொன்னதைக் காட்டினால், "டாக்டரை வந்து குடிக்கச் சொல்லு" என்கிறான். இதற்கு முன்பு ஒரு மாதம் முழுக்க இவ்வளவு பேசியதில்லை இவன்.

டிசம்பர் 11, ஞாயிறு

படம் போட்டார்கள். சோபாவில் அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் நான். கதாநாயகி காப்பி குடிக்கும்போதெல்லாம் "கப்புல ஒண்ணுமில்ல" என்றான். இழுப்பறைக் காட்சி வந்தது. கீலியின் சித்தி உள்ளே போனாள்.

"நல்லவேளை" என்றான்.

"என்ன நல்லவேளை?"

டி.வி. சத்தத்தைக் கூட்டினான். தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனபோது குளிர்ப்பெட்டிக் கதவைப் பார்த்தேன். மீன் வடிவக் காந்தத்தில் அந்த அனுமதிக் காகிதம் மாட்டியிருந்தது. எப்போது மாட்டினானோ தெரியாது. இந்தக் கிறிஸ்துமஸ் மட்டும். அங்கேயே நின்றுகொண்டு படித்தேன், நாலைந்து தடவை.

ஜனவரி 8, ஞாயிறு

மரத்தைப் பிரித்துப் போட்டாச்சு. கிறிஸ்துமஸ் முடிந்தது. காகிதம் அங்கேயேதான் இருக்கிறது. அவனும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இருக்கலாமா, கிளம்பணுமா? ஐம்பத்துநாலு வயதுக்கு மேல் இப்படி ஒரு காகிதத்தைப் பார்த்துப் பயப்படுகிறேன்.

பிப்ரவரி 27, திங்கள்

வான்கூவரில் ஒரு படம். கிறிஸ்துமஸ்தான், வேறென்ன. எவ்வளவு நாள் என்று கேட்டேன். ஆறு வாரம் என்றார்கள். போனை வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

இந்தத் தடவை கடிதம் இல்லை. சாப்பிடும்போது நேராகச் சொன்னேன். "ஆறு வாரம் ஆர்வோ. ஏப்ரல் பதினஞ்சு, சனிக்கிழமை வந்துடுவேன்."

ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தான். தடவி முடித்து, "பனி பூட்ஸ் எடுத்துட்டுப் போகாத, அங்க மழைதான்" என்றான். அவ்வளவுதான்.

மார்ச் 5, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டில் கையாட்டவில்லை. பஸ் திரும்பும்வரை நின்றுகொண்டிருந்தான்.

மார்ச் 18, சனி

போன் பண்ணினேன். "சாப்பிட்டாச்சு." "மாத்திரை?" "போட்டாச்சு." வைத்துவிட்டான். போனில் இவனைப் பேச வைக்க இன்னொரு பிறவி எடுக்கணும்.

ஏப்ரல் 12, புதன்

இன்னொரு படம் வந்திருக்கிறது. இதே ஆட்கள், இதே ஊர். மூன்று வாரம்தான் என்கிறார்கள். அப்போதும் இதே வார்த்தைதான் – மூன்று வாரம்தான். முடியாது என்றேன். யோசித்துச் சொல்லுங்கள் என்றார்கள். இருபத்திரண்டு வருஷம் யோசிச்சாச்சு, டிக்கெட்டைப் போடுங்க என்றேன்.

ஏப்ரல் 15, சனி

பஸ் நாற்பது நிமிஷம் லேட். ரோட்டோரம் இன்னும் பனி கிடக்கிறது, நிஜப் பனி, மண் கலந்து கறுத்துப்போய். பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். வளைவு திரும்பியதும் கண் தானாகப் பின்பக்கம் போயிற்று.

சானாப் புகைக்குழாயில் புகை.

கதவோரக் கொக்கியில் ரெண்டு துண்டு. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு.

"லேட்டு" என்றான். "எனக்கு டாக்டர் பத்து நிமிஷம்தான் குடுத்திருக்கான். போய் பெட்டியை வச்சிட்டு வா, கல்லு ஆறிடும்."

சமையலறையில் பெட்டியை வைத்தேன். குளிர்ப்பெட்டிக் கதவில் காகிதம். இந்தக் கிறிஸ்துமஸ் மட்டும். அதற்குக் கீழே அதே பென்சிலில் புதிதாக ஒரு வார்த்தை: அடுத்ததும்.

ஜன்னல் வழியாகக் கேட்டேன். "இதை எப்போ எழுதின?"

"நீ கிளம்பின அன்னிக்கு" என்றான்.