சிட்டுவின் கட்டம்

மார்ச் 2

சிட்டு அப்பாவுக்கு,

இங்கே நான் சுகம். நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்க மாட்டேன், கேட்டாலும் பொய்தான் எழுதுவீர்கள். போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே குரல் ஏறிவிடுகிறது. அதனால்தான் காகிதம்.

மாதச் சந்தா கட்டி நான் பார்க்கிற அந்த ஆன்மிக, ஆவிச் சேனலால்தானே நமக்குள் சண்டை. சிட்டு நம்மை விட்டுப் போய் ஒன்றரை வருஷம் கழித்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து டிவியைப் பார்த்து, "சிட்டு, இருக்கியாம்மா?" என்று நான் சத்தமாகக் கேட்டது உங்களுக்குப் பொறுக்கவில்லை. "காசு குடுத்து ஏமாற ஒரு சேனலா?" என்று பிளக்கைப் பிடுங்கினீர்கள். மறுவாரமே வெளியூரில் லிஃப்ட் மாட்டுகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். மகள் இல்லாத வீடு, இப்போது நீங்களும் இல்லாத வீடு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் அதில் எதையும் முழுதாகப் பார்த்ததில்லை. எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மாதிரியைப் பார்க்காமல் ரிப்போர்ட் எழுதினால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். உங்கள் போனிலேயே பார்க்கலாம், கடவுச்சொல்லைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கொஞ்ச நாள் பாருங்கள். உதவாது என்று தோன்றினால் எழுதுங்கள், நிறுத்திவிடுகிறேன், வீட்டுக்கு வாருங்கள். உதவும் என்றால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

உள்ளே போனதும் ஆளுக்கொன்றாக மூன்று கட்டம் தெரியும், அவரவர் பார்த்தது அவரவர் கட்டத்தில் இருக்கும். அம்மா, அப்பா, சிட்டு. சந்தா கட்டும்போது கைப்பழக்கத்தில் மூன்று பேருக்கும் போட்டுவிட்டேன், அழிக்க மனசு வரவில்லை. நீங்கள் உங்கள் கட்டத்தில் பாருங்கள்.

இப்படிக்கு,
சிட்டு அம்மா


மார்ச் 11

சிட்டு அம்மாவுக்கு,

சாப்பிடுகிறேன். பாதிப் பொய்தான்.

நீ சொன்னபடி பார்த்தேன். பாழடைந்த பங்களாவுக்குள் நாலு பேர் டார்ச் அடித்துக்கொண்டு போகிறார்கள். "இங்க யாரோ இருக்காங்க" என்று ஒருத்தன் நடுங்குகிறான். நாலு பேர் இருக்கிறார்களே, அது போதாதா? ஆளில்லாத கட்டடங்களில் லிஃப்ட் குழிக்குள் இறங்கியே எனக்குப் பாதி ஆயுள் போயிருக்கிறது. முனகல், தட்டல் எல்லாம் கேட்டிருக்கிறேன். ஒன்றும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

செத்தவர்களோடு பேசுகிற அம்மாள் வேறு. "அவருக்குக் கடைசியில நெஞ்சு கனமா இருந்துச்சா?" என்று கேட்கிறாள். நெஞ்சு கனக்காமல் யார் போனார்கள்? எதிரே இருப்பவர் அழுகிறார். அவள் தலையாட்டுகிறாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது.

மூச்சுப் பயிற்சி சொல்லித்தருகிற மனிதர் பரவாயில்லை. ஒரு நாளில் சொல்ல வேண்டியதை இழுத்து இழுத்துச் சொல்கிறார், ஆனால் நன்றாகத் தூக்கம் வந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நான் அரைப் பானையைப் பதம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், இது உதவாது. நிறுத்திவிடு. இங்கே வேலை முடிந்ததும் வருகிறேன்.

அன்புடன்,
சிட்டு அப்பா


மார்ச் 17

சிட்டு அப்பாவுக்கு,

உங்கள் ரிப்போர்ட்டைப் படித்துச் சிரித்தேன். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எனக்கே தூக்கிவாரிப்போட்டது. நிறுத்திவிடலாம் என்றுதான் சேனலைத் திறந்தேன். அதற்கு முன்னால் கடைசியாக ஒரு முறை சிட்டுவின் கட்டத்துக்குள் போனேன்.

அங்கே ஒரு படம் பாதி ஓடி நிற்கிறது. கடலுக்கடியில் திமிங்கலங்களின் குரலை வைத்துத் தியானம் என்று போட்டிருக்கிறது. படத்துக்குக் கீழே, பார்த்த அளவுக்குச் சிவப்புக் கோடு. நான் அதைத் தொட்டதே இல்லை. உங்கள் கட்டத்தையும் பார்த்தேன். பேய்க்காரர்களும் மூச்சுக்காரரும் அங்கே வரிசையாக இருக்கிறார்கள். பின்னே இது யார்? குளிக்கிற வாளியில் முகத்தை முக்கி, "அம்மா, திமிங்கலம் பேசுது" என்று சொன்னவள் ஒருத்திதான்.

மறுநாள் பார்த்தேன். கோடு கொஞ்சம் நகர்ந்திருந்தது.

எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று தெரியும். தேட எனக்கு இஷ்டமில்லை. சந்தாவை நிறுத்த மாட்டேன், ஆயுசுக்கும் கட்டுவேன். நேற்று மறுபடியும் சத்தமாகக் கேட்டேன், பிளக்கைப் பிடுங்க ஆளில்லை. நீங்கள் இப்போது வர வேண்டாம். வந்தால் இதையும் கேலி செய்வீர்கள்.

சிட்டு அம்மா


மார்ச் 21

சிட்டு அம்மாவுக்கு,

முதலில் வேறொரு கடிதம் எழுதினேன். 'ஆமாம், ஏதோ இருக்கிறது' என்று. அதை அனுப்பியிருந்தால் நீ சந்தோஷமாக இருந்திருப்பாய், நானும் நல்லவனாகியிருப்பேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

அது நான்தான்.

கேலி செய்யப் பார்த்ததையெல்லாம் என் கட்டத்தில் பார்த்தேன். இதை அங்கே பார்த்தால் உனக்குத் தெரிந்துவிடும் என்று வெட்கம். சிட்டு கட்டத்தை நீ திறக்கவே மாட்டாய் என்று நம்பினேன். அதில் ஒரு தாய்த் திமிங்கலம் செத்த குட்டியைத் தலையில் தாங்கிக்கொண்டே நீந்துகிறது. முங்கவிடாமல் தூக்கித் தூக்கிப் பிடிக்கிறது. அந்த இடம் வந்ததும் நிறுத்திவிடுவேன். மறுநாள் கொஞ்சம் பார்ப்பேன். அதற்கு மேல் முடியவில்லை.

அன்றைக்கு நான் பிளக்கைப் பிடுங்கியதைக் கோபம் என்று நினைத்துவிட்டாய். நீ "இருக்கியாம்மா?" என்று கேட்டதும் நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். பதில் வரவில்லை. அந்த அமைதியைத் தாங்க முடியாமல்தான் பிடுங்கினேன்.

உன்னிடம் மிச்சமிருந்த ஒன்றையும் இப்போது பறித்துவிட்டேன். மன்னித்துவிடு என்று எழுதக்கூடக் கை வரவில்லை.

சிட்டு அப்பா


ஏப்ரல் 2

சிட்டு அப்பாவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். கடிதத்தை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன், கண்ணில் படக்கூடாது என்று. அவளை இரண்டாம் முறை வாரிக்கொடுத்த மாதிரி இருந்தது. சாமான் வாங்கினாலும் சமைத்தாலும் உங்களைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

பிறகு ஒரு சாயங்காலம் அந்தத் திமிங்கலப் படத்தைப் போட்டேன். உங்கள் கோடு கலையக்கூடாது என்று என் கட்டத்தில் போட்டேன். குட்டியைத் தூக்குகிற இடம் வந்தது. நீங்கள் நிறுத்திய இடத்திலேயே நானும் நிறுத்திவிட்டேன். வேறு ஊரில், ஏதோ ஒரு கம்பெனி அறையில், கட்டிலில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் தனியாக இதைப் பார்த்திருக்கிறீர்கள். அதை நினைத்ததும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இவ்வளவு நாள் நான் மட்டும்தான் அவளைத் தேடுகிறேன் என்று இருந்துவிட்டேன்.

இனி என் ரிப்போர்ட். ஆவி நிகழ்ச்சிகள் உதவாது, ஒத்துக்கொள்கிறேன். மூச்சுக்காரரை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். கட்டிய காசு முழுக்க அந்தத் திமிங்கலம் ஒன்றிலேயே திரும்ப வந்துவிட்டது. சந்தாவை நிறுத்திவிட்டேன். இந்த மாதக் கடைசி வரை ஓடுமாம்.

அந்தத் தாய் குட்டியை எப்போது விடுகிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மீதியைத் தனியாகப் பார்க்காதீர்கள். சனிக்கிழமை வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

பழக்கதோஷத்தில் நான் மறுபடியும் "இருக்கியாம்மா?" என்று கேட்டாலும் கேட்பேன். பிளக்கைப் பிடுங்காதீர்கள். நீங்கள் பதில் சொல்லுங்கள்.

காத்திருக்கும்,
உங்கள் மனைவி